மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தது

"ஒரு பொண்ணு வந்து நாலு தபா தட்டிப் பாத்துட்டு சுவரு கெட்டுப்போச்சுன்னா, நாம மசூதிய இடிச்சிட்றதா?"

இதைச் சொன்னவர் அந்த மசூதியின் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வதும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும், நோன்புக்கு முன்னால் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் அவர் வேலை. மசூதியை நிர்வகிக்கும் முத்தவல்லி சாகிபைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். விழுந்தது. இன்றுவரை அது வெளியே போகவில்லை.

அலுவலகத்தில் என் மேஜைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். பென்சிலால் எழுதுவதற்கும் எழுத்து ஆடுவதற்கும் மன்னிக்கவும். நாடா பிடிப்பது, மசிக்கோடு இழுப்பது, அளவுப் புத்தகம் வைப்பது எல்லாவற்றையும் பெரிய டிராப்ட்ஸ்மேன் உங்களுக்குச் சொல்லித்தருவார். நன்றாகவே சொல்லித்தருவார். நான் சொல்ல வருவது அவருடைய பாடத்தில் இல்லாதது.

நம்மைப் போன்ற பெண்களை இந்த வேலைக்கு ஏன் எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோல் வியாபாரத்தில் பெரிய வீடுகள் எழும்பின. அவை கோஷா வீடுகள். உள்கட்டுக்குள் அந்நிய ஆண் நாடாவோடு நுழைய முடியாது. ஆகவே இன்ஜினியர் ஐயா மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பாஸ் செய்த ஒரு பெண்ணைத் தேடினார். நான் கிடைத்தேன். என் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் ஒருவரும் இல்லை. என் நைனா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவர். தோலை முடி கழிய ஊறவைத்து, இழுத்துப் போட்டு, திரும்ப ஊறவைப்பார். அவர் விரல் இடுக்குகளைச் சுண்ணாம்பு தின்றிருக்கும். அந்தக் கையின் மகள் ஒரு கட்டடத்தைக் காகிதத்தில் நிற்கவைக்கிறாள் என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது. இருப்பதில் தவறில்லை. எங்கே இருந்தது என்பதில்தான் தவறு.

இரண்டு வருஷம் வீடுகள் அளந்தபின் மசூதிகள் வந்தன. தோல் முதலாளிகள் எல்லா ஊரிலும் பழைய மசூதிகளை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆசைப்பட்டார்கள். ஜனம் பெருகிவிட்டது, வெள்ளிக்கிழமை வாசலில் நின்று தொழுகிறார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். இடிக்கலாமா, பழுதுபார்க்கலாமா என்று பார்த்து எழுதுவது நம் அலுவலகத்தின் வேலை. முதலில் டிராப்ட்ஸ்மேனோடு போனேன். அவருக்குக் காய்ச்சல் வந்த மாதம் தனியாகப் போனேன். எழுதிக் கொடுத்தது சரியாக இருக்கிறது என்று இன்ஜினியர் ஐயா சொன்னார். பிறகு தனியாகவே போனேன்.

நான் சொல்லவரும் மசூதி மாதனூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. செங்கல் வளைவுகள் வைத்த முன்கட்டு, அதன் இரு மூலையிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மினார், அவ்வளவுதான். முன்கட்டைத் தாண்டிக் குனிந்து உள்ளே போனால் கல் மண்டபம். அதுதான் பழையது. ஆற்காட்டில் நவாபுகள் இருந்த காலத்தது என்று சிலர் சொன்னார்கள், அதற்கும் முந்தியது என்று சிலர். காகிதம் எதுவும் யாரிடமும் இல்லை. தூண்கள்தான் சாட்சி. அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். பள்ளிகொண்டா கோவில் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தூண் அதன் பங்காளி போலத் தெரியும். ஒரே கையாட்கள் இரண்டையும் செதுக்கியிருக்கலாம். ஆனால் அங்கே சதுரத்தில் ஒரு உருவம் உட்கார்ந்திருக்கும். இங்கே ஒரு தாமரை, அல்லது தன்னையே சுற்றிக்கொண்டு திரும்பிவரும் ஒரு கோடு. செதுக்கினவன் உருவத்தை விட்டுவிட்டான், திறமையை விடவில்லை. நான் பன்னிரண்டு தூணையும் தனித்தனியாக வரைந்தேன். ஒன்றின் தாமரைபோல் மற்றொன்றில் இல்லை.

மேற்குச் சுவர் மட்டும் செங்கல். தொழுகிறவர்கள் முகம் வைக்கும் சுவர் அது. நடுவில் இமாம் நின்று தொழவைக்கும் மாடம், மிஹ்ராப். வியாதி அந்தச் சுவரில்தான். மழைக்காலத்தில் நெஞ்சு உயரத்துக்கு வேர்க்கும். வெயில்காலத்தில் வெள்ளையாகப் பூத்துப் பொடியாகக் கொட்டும். முதல் வரிசையில் நிற்பவர்களின் தொப்பியில் மாவு உதிர்ந்தாற்போல் இருக்கும். வருஷாவருஷம் வெள்ளையடித்தும் நிற்கவில்லை.

நண்பகல் தொழுகைக்கும் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் நடுவில் எனக்கு நேரம் ஒதுக்கினார்கள். கால் கழுவி, தலையில் முந்தானை போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனேன். மோதினார் துடைப்பத்தோடு தூணோரம் நின்றார். நாற்பது வயதிருக்கும். நான் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டினேன். பறையைத் தட்டினாற்போல் சத்தம். பத்தடி தள்ளித் தட்டினேன். அதே சத்தம். ஒரு ஆணியை வைத்து அழுத்தினேன். இரண்டு அங்குலம் தடையில்லாமல் போனது.

"டீச்சரம்மா, சத்தத்த நம்பாதீங்க. நான் ஒரு மூலைல உரிச்சித் தர்றேன், உள்ள இன்னா கீதுன்னு பாருங்க" என்றார் அவர். படித்த பெண் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் டீச்சரம்மாதான்.

"வேணாம். சத்தமே சொல்லுது" என்றேன்.

"சத்தம் உங்களுக்கு இன்னா சொல்லிச்சி?"

"உங்களுக்குப் புரியாதுங்க. அதுக்குப் படிச்சிருக்கணும்."

இதை நான் சொன்னேன். எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் பெருக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து மசூதிக் கமிட்டியார் முன்கட்டில் கூடி என் வாய்மொழியைக் கேட்டபோதுதான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையை அவர் சொன்னார். பொறுக்க முடியாமல் நானும் குரலை உயர்த்தினேன். முத்தவல்லி சாகிப் இரண்டு பேரையும் கையமர்த்தி, "ரிப்போர்ட் எழுதிக் குடுங்கம்மா, அதுதான் பேச்சு" என்றார். அவர் ஆம்பூரில் பெரிய தோல் ஷாப் முதலாளி. நிதானமான மனுஷர்.

எழுதினேன். 'மேற்குச் சுவர் உள்ளூர உளுத்துவிட்டது. பழுதுபார்க்க இயலாது.' அதைவிட அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. இன்ஜினியர் ஐயா அந்த ஊருக்குப் போகாமலே, என்னை நம்பி, கீழே கையெழுத்துப் போட்டார்.

இடிப்பதற்கு நாள் பார்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் துஆ என்னும் வேண்டுதலை ஓதிவிட்டு மேற்குச் சுவரில் முதல் கடப்பாரை. சாரம் கட்டியாயிற்று என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு முந்தின நாள் பிற்பகல் நல்ல மழை. வேலூர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் என் துணிப்பை நனைந்துவிட்டது. அதில் அந்தச் சுவரிலிருந்து தானாக உதிர்ந்த ஒரு காரைத்துண்டை மாதிரிக்காகச் சுற்றி வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் பையிலேயே கிடந்தது. அம்மா பையை உதறிக் காயப்போடப் போனாள்.

"ஏண்டி, உங்க நைனா வேட்டிய இதுலயா சுத்தி வெச்ச? அந்த நாத்தம் அடிக்குது."

"அதுல ஒண்ணும் இல்லம்மா. மசூதிக் காரை."

"காரையாம் காரை. காரைல ஆட்டு முடி மொளைக்குமா? வந்து பாரு."

பார்த்தேன். நனைந்து பிசுபிசுத்த துண்டில் குட்டைக் குட்டையாகப் பழுப்பு முடி. அந்த வாடை எனக்குத் தெரியாததா? ஏழு வயதிலிருந்து நைனாவுக்குச் சோறு கொண்டுபோன இடத்தின் வாடை. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் என் பாவாடையிலிருந்து நான் தேய்த்துத் தேய்த்துப் போக்கிய வாடை. நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு.

நைனா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "குழி அடில தங்குற கசடு. இத எவன் சுவத்துல பூசினான்?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தோல் ஷாப்புக்குப் பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். எவ்வளவு அலசினாலும் அந்த உப்பு சுண்ணாம்புக் குழியில் போய்ச் சேரும். தேய்ந்துபோன சுண்ணாம்பைக் கசடாக வெளியே கொட்டுவார்கள். அதை எடுத்து ஒரு சுவருக்குப் பூசினால் சுவர் உப்பைச் சுமக்கும். மழைக்காற்றில் வேர்க்கும், வெயிலில் பூக்கும். அப்படியானால் வேர்வை சுவரின் வியாதி அல்ல, பூச்சின் வியாதி. பறைச் சத்தம்? பூச்சு சுவரை விட்டு விலகி நின்றாலும் அதே சத்தம்தான். இரண்டு அங்குலம் போன ஆணி? பூச்சின் கனமே இரண்டு அங்குலமாக இருந்தால்? அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் பார்க்கவில்லை. ஒருவர் உரித்துத் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன்.

இன்ஜினியர் ஐயா சென்னைப் பட்டணம் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. நாளைக்கு இடித்துவிட்டால் சுவர் வெறும் செங்கல் குவியல். நல்ல சுவரா கெட்ட சுவரா என்று எந்த மோதினாரும் என்னைக் கேட்க முடியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நம் தொழிலில் தப்பு செய்தவருக்கு இப்படி ஒரு வசதி உண்டு. தப்பின் சாட்சியை ஊரார் தாங்களே இடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இதை நினைத்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். மோதினார் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இடிக்கிற தமாஷப் பாக்க முன்னாடியே வந்து எடம் புடிக்கிறீங்களா?"

"உரிச்சுப் பாக்கணும். வந்தேன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "அன்னிக்கி வாணான்னீங்களே."

"அன்னிக்குச் சொன்னது தப்பு."

"தப்பு சுவத்து மேலயா, உங்க மேலயா?"

"பாத்தாதான் தெரியும்."

"இப்பதான் படிச்சவங்க மாதிரி பேசறீங்க" என்று சொல்லிவிட்டு உளி எடுக்கப் போனார்.

முதலில் பாய்களைச் சுருட்டி எடுத்தார். மிஹ்ராபுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் துணி கட்டினார். பிறகு அதன் வலப்பக்கம், ஈரம் அதிகமாக ஏறியிருந்த இடத்தில், உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் பூச்சு பலகைபோல் ஒரே துண்டாகச் சாய்ந்து விழுந்தது. இரண்டு அங்குலத்துக்கு மேலேயே கனம். நாங்கள் இருவரும் இருமி முடித்துப் பார்த்தபோது உள்ளே இன்னொரு சுவர் இருந்தது.

வெண்மையாக, முட்டை ஓடுபோல் வழுவழுவென்று தேய்த்த பழைய பூச்சு. கையைக் கிட்டே கொண்டுபோனால் கையின் நிழல் அதில் மங்கலாக அசைந்தது. வழுவழுப்பாக இருந்ததால்தான் மேல்பூச்சு அதைப் பிடிக்கவில்லை. கொத்திச் சொரசொரப்பாக்காமல் அப்படியே அப்பியிருக்கிறார்கள். துணிக்குக் கீழே மிஹ்ராபின் ஓரத்தில் ஒரு கொடி தெரிந்தது. காரையிலேயே வெட்டிய கொடி, இலைக்கு இலை நரம்புகூட வைத்து, மேல்நோக்கி ஏறி, உரிக்காத மேல்பூச்சுக்குள் மறைந்தது. பழைய பூச்சில் ஒரு விரல் அகலம் மட்டும் கொத்திச் செங்கல்லைத் தட்டினேன். கணீர் என்றது.

மோதினார் உள்ளங்கையை அந்தக் கொடியின்மேல் வைத்தார். "மாஷா அல்லாஹ்" என்றார், மூச்சுவிடுவதுபோல. கையை எடுக்காமலே, "இது மேலயா நான் பதினஞ்சி வருஷமா சுண்ணாம்பு அடிச்சேன்" என்றார்.

ஒரு இடத்தைப் பார்த்து எழுதும் புத்தி இனி வேண்டாம் என்று மூன்று இடம் உரித்தோம். இரண்டு நன்றாக இருந்தன. வடக்குக் கோடியில் மட்டும் மாடித் தண்ணீர் இறங்கிச் செங்கல் கரைந்திருந்தது. ஒரு ஆள் கைநீட்டும் அகலம். அதையும் குறித்துக்கொண்டேன்.

சாகிபும் கமிட்டியாரும் ஜும்மாவுக்கு முன்னதாகவே வந்தார்கள். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. சுவரில் மூன்று பொத்தல்.

"யார் சொல்லி உரிச்சீங்க?"

"நான்தான் சாகிப் உரிச்சேன்" என்றார் மோதினார்.

"நான் சொன்னேன்" என்றேன்.

சாகிப் என்னைப் பார்த்தார். "ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க?"

"சுவர் கெட்டுப்போச்சுன்னு."

"இப்ப என்ன சொல்றீங்க?"

"கெட்டது பூச்சுங்க. சுவர் நல்லா இருக்கு. நான் உரிச்சுப் பாக்காம எழுதிட்டேன்." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சாகிப் சிரிக்கவில்லை. "பூச்சு ஏன் கெட்டுச்சு?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். முன்கட்டு வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறது. மேற்குச் சுவரின் பூச்சு இன்னாருடைய தர்மம் என்று உருதிலும் தமிழிலும் வெட்டியிருக்கும். நான்தான் அதைப் படத்தில் எழுதியிருந்தேன். அந்த இன்னார் சாகிபின் தகப்பனார். உங்கள் தகப்பனார் தர்மமாகக் கொடுத்தது குழிக்கசடு என்று, வெள்ளிக்கிழமை, ஜமாத்தின் முன்னால், ஒரு குழித்தொழிலாளியின் மகள் எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் கூடாது. ஏற்கெனவே ஒரு தரம் அவசரப்பட்டுச் சொல்லியாகிவிட்டது. பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் துண்டை வாங்கித் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். அவரும் தோலோடு பிறந்து வளர்ந்தவர்தானே. ஒரு முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆட்டுத்தோல்" என்றார். முடியைத் துண்டின்மேலேயே திரும்ப வைத்தார். "அப்ப ஷாப் ஆரம்பிச்ச புதுசு. எங்க அப்பா கையில ஒண்ணுமே இல்லாத காலம். இருந்ததைக் குடுத்திருக்கார்."

மோதினார்தான் சொன்னார்: "இருந்ததத்தான் குடுத்தாரு சாகிப். அதுக்குள்ளாற கொடி பத்திரமா இருந்துச்சு பாருங்க. வெளிய இருந்திருந்தா நான் அடிச்ச அடில என்னிக்கோ மூழ்கிப் போயிருக்கும்."

சாகிப் போய்க் கொடியைப் பார்த்தார். பிறகு கமிட்டியார் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு துஆவ வேற எதுக்காவது கேப்போம். சாரத்த அவுக்க வேணாம். பூச்சு எடுக்க ஆவும். புதுக் கட்டடம் வேணும்னா கிழக்க முன்கட்டுக்கு வெளிய எடம் பாருங்க."

தொழுகைக்கு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். நான் பக்கவாசல் வழியாகச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். மோதினார் பாங்கு சொல்லப் போகிற வழியில் நின்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சரி, அது போவட்டும். இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தன சுவரத் தட்டியிருக்கீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டார். "ரெண்டு" என்றேன். ரெண்டுமே இதே சத்தம், இதே ஆணி. அவர் உளியைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டில் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சின்ன மசூதி. போனவாரம் போய்ப் பார்த்தேன். புதுக் கட்டடம் எழும்பி, தளம் போட்டாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. பழைய செங்கல் எங்கே என்று கேட்டேன். ரோட்டுப் பள்ளத்துக்குப் போய்விட்டதாம். அது நல்ல சுவரா, கெட்ட சுவரா என்று நான் இனி தெரிந்துகொள்ள வழியில்லை. இந்த வேலையில் உங்கள் தூக்கம் கெடப்போவது தெரிந்த தப்புகளால் அல்ல.

மற்றொன்று ஆற்காட்டில், நான்கே தூண் உள்ள மண்டபம். இன்னும் நிற்கிறது. கமிட்டியில் தகராறு என்பதால் இடிக்காமல் இருக்கிறார்கள். தகராறு இந்த மாதம் தீர்ந்துவிட்டதாகக் கேள்வி.

இன்ஜினியர் ஐயா திரும்பிவந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மாதனூர் விஷயத்தில் கோபிக்கவில்லை. "ஒரு தடவை யாருக்கும் வரும், நல்லவேளை தடுத்தாய்" என்றார். ஆற்காட்டைச் சொன்னதும் எழுந்து ஜன்னலோரம் போனார். "அதில் என் கையெழுத்து இருக்கிறது. அவர்கள் கேட்காதபோது நாமாகப் போய்க் கிளறினால் அப்புறம் நம் ரிப்போர்ட்டை யார் நம்புவார்கள்? விட்டுவிடு" என்றார். கெட்டவர் அல்ல அவர். எனக்குச் சுத்தியல் கொடுத்தவர். வெளியே வந்து என் மேஜையைத் துடைத்து, அளவுப் புத்தகங்களை அடுக்கி, சாவியை டிராப்ட்ஸ்மேனிடம் கொடுத்து வேலையிலிருந்து விலகினேன். நாற்காலியின் ஒரு கால் குட்டை, அட்டை மடித்து வையுங்கள்.

ஆற்காட்டுக் கமிட்டிக்கு நேற்று முன்தினமே தபால் போட்டுவிட்டேன். அலுவலகத்தின் பெயர் இல்லை, என் பெயர் மட்டும். உங்கள் மேற்குச் சுவரை நான் உரித்துப் பார்க்காமல் எழுதினேன், உரித்துப் பார்க்க வருகிறேன், அதுவரை கடப்பாரை வைக்காதீர்கள் என்று எழுதினேன். அவர்கள் கதவைத் திறப்பார்களோ, திட்டி அனுப்புவார்களோ தெரியாது. உள்ளே சுவர் நிஜமாகவே உளுத்திருக்கலாம். அப்படியானால் அதையும் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

இப்போது வாலாஜா ரோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். மோதினாரின் உளி மடியில் இருக்கிறது. இன்னும் இரண்டு ஆள் சேர்ந்தால்தான் ஆற்காட்டுக்குப் புறப்படுவேன் என்ற ஜட்காக்காரர், சேராமலே புறப்படச் சம்மதித்துவிட்டார். நான் ஏறிவிட்டேன்.